எர்த் கம்பி இல்லாத இடத்தில் ஒரு மின்கணக்கு

எண்ணெய்க் கிடங்கில் டாங்கி லோரிக்குப் பெட்ரோல் நிரப்பும்போது முதலில் செய்யப்படும் வேலை எது தெரியுமா? குழாயை மாட்டுவது அல்ல. லோரியின் உடலை மண்ணோடு இணைக்கும் எர்த் கம்பியை மாட்டுவதுதான். குழாய்க்குள் வேகமாக ஓடும் எரிபொருள் உரசி உரசி மின்னூட்டத்தைச் சேர்க்கும். அது போக வழியில்லாமல் தேங்கி ஒரு பொறியாகத் தெறித்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கம்பி இருந்தால் மின்னூட்டம் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

இப்போது அந்த லோரியை 35,786 கிலோமீட்டர் உயரத்தில் வைத்துப் பாருங்கள். நம் வீட்டுக் கூரைத் தட்டுகள் பார்த்துக்கொண்டிருக்கும் தொலைக்காட்சித் துணைக்கோளங்கள் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. அங்கேயும் மின்னூட்டம் சேர்கிறது. ஆனால் கம்பியின் மறுமுனையைக் கட்ட மண் இல்லை. ஆகவே எங்கே எவ்வளவு மின்னூட்டம் தேங்கும், எந்த இடத்தில் பொறி தெறிக்கும் என்பதை ஏவுவதற்கு முன்பே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் கணினி மென்பொருள்களைப் பற்றித்தான் இந்த வாரம் படிக்கப் போகிறோம்.

ஒரு நாளில் முடிந்துபோன மிடோரி-2

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் மிடோரி-2 ஓர் எடுத்துக்காட்டு. பூமியின் கடலையும் காற்றையும் மேகங்களையும் ஆராய 2002 டிசம்பர் 14-ஆம் நாள் ஏவப்பட்ட பெரிய துணைக்கோளம் அது. ஏறத்தாழ 800 கிலோமீட்டர் உயரத்தில் இரு துருவங்களுக்கும் மேலாகச் சுற்றி வந்தது.

2003 அக்டோபர் 25-ஆம் நாள் அதன் சூரியத் தகட்டிலிருந்து வரும் மின்சாரம் 6 கிலோவாட்டிலிருந்து 1 கிலோவாட்டுக்கு விழுந்தது. அன்றே தொடர்பும் நின்றது. ஜப்பானிய விண்வெளி நிறுவனமான ஜாக்சா அதே மாதம் முதல் தேதியில்தான் பிறந்திருந்தது. ஏவி ஓராண்டுகூட ஆகாத துணைக்கோளத்தை அது இழந்தது.

விசாரணைக்குக் கையில் கிடைத்தவை துணைக்கோளம் அனுப்பிய கடைசி அளவீடுகள் மட்டுமே. அவற்றைக் கொண்டும் தரையில் செய்த சோதனைகளைக் கொண்டும் நிபுணர்கள் எட்டிய முடிவு நம்மை ஆச்சரியப்படுத்தும். மிகவும் சந்தேகத்துக்கு உள்ளான இடம் பளபளக்கும் சூரியத் தகடு அல்ல. தகட்டிலிருந்து மின்சாரத்தைக் கலத்துக்குக் கொண்டுவரும் கம்பிக் கட்டு. வெப்பக் காப்புக்காக அதன் மேல் சுற்றப்பட்ட போர்வையின் உலோகப் படலங்கள் கலத்தின் உடலோடு இணைக்கப்படாமல் இருந்தன. துருவப் பகுதியில் பொழியும் எலெக்ட்ரான்கள் அந்தப் போர்வையில் தேங்கி, பொறி தெறித்து, கம்பிகளைக் கருக்கியிருக்கலாம் என்பதே அவர்கள் கண்ட காரணம்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இந்தப் போர்வைக்கே திரும்பி வருவோம்.

வரவும் செலவும்

விண்வெளி வெறுமையானது என்று நினைக்கிறோம். பூமியைச் சுற்றியுள்ள விண்வெளியில் எலெக்ட்ரான்களும் நேர்மின் அயனிகளும் கலந்த மெல்லிய வாயு இருக்கிறது. அதன் பெயர் பிளாஸ்மா. எலெக்ட்ரான் மிக இலேசானது. அயனி அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கனமானது. இலேசானது வேகமாக ஓடும். ஆகவே விண்கலத்தின் மேல் ஒரு நொடியில் வந்து மோதும் எலெக்ட்ரான்கள் அயனிகளைவிட மிக அதிகம். இதனால் கலத்தில் எதிர்மின்னூட்டம் ஏறுகிறது.

இதைக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்குபோல் எழுதலாம். எலெக்ட்ரான்கள் வந்து சேர்வது ஒரு பக்கம். மறுபக்கத்தில் மூன்று இனங்கள் உண்டு.

முதலாவது, வந்து சேரும் அயனிகள். இவை எலெக்ட்ரான்களின் விளைவைச் சிறிது ஈடுசெய்யும்.

இரண்டாவது, சூரிய ஒளி. ஒளி படும் பரப்பிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பிப் போகும். ஒரு சதுர மீட்டருக்குப் பத்துக் கணக்கான மைக்ரோ ஆம்பியர் அளவில் இந்த வெளியேற்றம் இருப்பதால், வெயிலில் இருக்கும் கலம் பெரும்பாலும் சில வோல்ட் நேர்மின்னழுத்தத்தோடு அமைதியாக இருக்கும்.

மூன்றாவது, மோதும் எலெக்ட்ரானே பரப்பிலிருந்து வேறு எலெக்ட்ரான்களைத் தட்டி வெளியேற்றுவது. மோதும் எலெக்ட்ரானின் ஆற்றல் சில நூறு எலெக்ட்ரான் வோல்ட்டாக இருந்தால், பல பொருள்களில் ஒன்று நுழைய ஒன்றுக்கு மேல் வெளியேறும். ஆற்றல் பல ஆயிரம் ஆகும்போது வெளியேறுவது குறைந்துவிடும். எலெக்ட்ரான்கள் தங்க ஆரம்பிக்கும்.

எல்லாக் கணக்கும் கூட்டிக் கழித்துச் சுழியமாகும் வரை கலத்தின் மின்னழுத்தம் மாறிக்கொண்டே போகும். சுழியமானதும் அங்கேயே நிற்கும்.

இந்தக் கணக்கு எப்போது கெட்டுப்போகும்? புவிக்காந்தப் புயலின்போது, இரவுப் பக்கத்திலிருந்து பல ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரான்கள் பாய்ந்து வருகின்றன. அதே நேரத்தில் கலம் பூமியின் நிழலுக்குள் இருந்தால் ஒளியின் உதவியும் இல்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 45 நாள்களுக்குப் புவிநிலைத் துணைக்கோளங்கள் அன்றாடம் நிழலுக்குள் போய் வரும். அதிகபட்சம் 70 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக அது நீடிக்கும். 91.5 பாகை கிழக்கு நெட்டாங்கில் நிற்கும் மலேசியாவின் மியாசாட் துணைக்கோளங்களுக்கு அந்த நிழல் வருவது நம் கடிகாரத்தில் அதிகாலை 2 மணியை ஒட்டி.

அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-5, ஏ.டி.எஸ்-6 துணைக்கோளங்கள் இப்படி நிழலில் இருந்தபோது எதிர்மின்னழுத்தம் பத்தாயிரம் வோல்ட் அளவை எட்டியது. 1969-இல் ஏவப்பட்ட ஏ.டி.எஸ்-5-இன் அளவீடுகள் வெளிவந்தபோதுதான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பொறியாளர்களுக்குப் புரிந்தது.

கையால் போட்டுப் பார்க்கும் கணக்கு

மென்பொருளுக்குப் போகும் முன் ஒரு பென்சிலை எடுங்கள். 1 மீட்டர் ஆரமுள்ள உலோகக் கோளம் ஒன்றை விண்கலமாக வைத்துக்கொள்வோம். வரவு செலவு போக ஒரு சதுர மீட்டருக்கு 1 மைக்ரோ ஆம்பியர் எலெக்ட்ரான் மின்னோட்டம் அதில் சேர்கிறது என்று கொள்வோம்.

கோளத்தின் பரப்பு 12.6 சதுர மீட்டர். ஆகவே மொத்த மின்னோட்டம் 12.6 மைக்ரோ ஆம்பியர். விண்வெளியில் தனித்து நிற்கும் இந்தக் கோளத்தின் மின்தேக்குத்திறன் 111 பிகோ ஃபாரட் மட்டுமே. மின்னோட்டத்தை மின்தேக்குத்திறனால் வகுத்தால் மின்னழுத்தம் ஏறும் வேகம் கிடைக்கும்: நொடிக்கு ஏறத்தாழ 1,13,000 வோல்ட். அதாவது 10,000 வோல்ட்டை எட்ட ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். உண்மையில், மின்னழுத்தம் ஏற ஏற அது புதிய எலெக்ட்ரான்களைத் தள்ளிவிடும் என்பதால் வேகம் குறையும். ஆனாலும் முழுக் கலமும் கண் இமைக்கும் நேரத்தில் ஏறிவிடும் என்பது தெளிவு.

இப்போது அதே கோளத்தின் மேல் 0.05 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேப்டன் என்ற பிளாஸ்டிக் படலத்தை ஒட்டுங்கள். துணைக்கோளங்களைப் போர்த்தியிருக்கும் பொன்னிற உறை பெரும்பாலும் இதுதான். இது மின்சாரத்தைக் கடத்தாது. படலத்தின் மேற்புறத்துக்கும் அடியிலுள்ள உலோகத்துக்கும் இடையே, ஒரு சதுர மீட்டருக்கு 0.62 மைக்ரோ ஃபாரட் மின்தேக்குத்திறன் உண்டு. அதே மின்னோட்டம் படலத்தில் சேர்ந்தால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நொடிக்கு 1.6 வோல்ட்தான் ஏறும். 1,000 வோல்ட் வேறுபாடு வர ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும்.

இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று நொடிக்கும் குறைவு, மற்றது பத்து நிமிடம். ஆபத்தானது எது? மெதுவாக ஏறுவதுதான். முழுக் கலமும் ஒரே சீராக 10,000 வோல்ட்டில் இருந்தால் உள்ளே எதுவும் நடக்காது. மின்கம்பியில் இரண்டு காலையும் ஊன்றி உட்கார்ந்திருக்கும் மைனாவுக்கு ஒன்றும் ஆகாததுபோல. பக்கத்துப் பக்கத்துப் பாகங்கள் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருக்கும்போதுதான் பொறி தெறிக்கும்.

அந்தப் பொறியில் எவ்வளவு ஆற்றல்? நம் படலத்தின் ஒரு சதுர மீட்டரில் 1,000 வோல்ட்டில் தேங்குவது சுமார் 0.3 ஜூல். 30 கிராம் எடையை ஒரு மீட்டர் தூக்கத் தேவையான ஆற்றல், அவ்வளவுதான். இது எப்படி ஒரு பெரிய துணைக்கோளத்தை முடக்கும்? தீக்குச்சியின் வெப்பம் சிறியது. அது விழும் இடம் வைக்கோற்போர் என்றால் கதை வேறு. பொறி தெறித்த இடத்தில் இரண்டு மின்கம்பிகள் அருகருகே இருந்தால், சூரியத் தகட்டின் சொந்த மின்சாரமே அந்த வழியாகப் பாயத் தொடங்கி, பொறியை அணையவிடாமல் எரித்துக்கொண்டிருக்கும்.

பென்சிலுக்கு அப்பால்

கோளத்துக்குப் பென்சில் போதும். உண்மையான துணைக்கோளத்துக்குப் போதாது. அதற்குச் சிறகுகள், தட்டுகள், கம்பங்கள் உண்டு. ஒரு பகுதி வெயிலில், ஒரு பகுதி நிழலில். ஒவ்வொரு பரப்பும் வெவ்வேறு பொருள். நிழலிலுள்ள பிளாஸ்டிக் எதிர்மின்னூட்டம் ஏறி, தன் மின்புலத்தை வெயிலிலுள்ள பக்கம் வரை நீட்டி, அங்கிருந்து வெளியேற வேண்டிய எலெக்ட்ரான்களைத் திருப்பி அனுப்பிவிடும். வெயிலில் இருந்தும் கலம் எதிர்மின்னழுத்தத்துக்கு இறங்கிப்போகும். இப்படி ஒரு மூலையில் நடப்பது மறு மூலையைப் பாதிப்பதைக் கையால் கணக்கிட முடியாது.

1973 ஜூனில் அமெரிக்க ராணுவத்தின் தகவல்தொடர்புத் துணைக்கோளம் ஒன்று செயலிழந்தது. மின்னூட்டமே காரணம் என்று முடிவாயிற்று. அதன்பின் நாசாவும் அமெரிக்க விமானப்படையும் சேர்ந்து இந்தச் சிக்கலை ஆராய்ந்தன. அதில் இரண்டு பலன்கள் கிடைத்தன. ஒன்று, 1979 ஜனவரி 30-இல் ஏவப்பட்ட ஸ்காத்தா என்ற துணைக்கோளம். மின்னூட்டத்தை அளப்பதே அதன் வேலை. மற்றொன்று, நாஸ்கேப் என்ற கணினி நிரல். நிரல் போட்ட கணக்கை ஸ்காத்தாவின் உண்மையான அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள்.

ஸ்காத்தா விட்டுச்சென்ற ஒரு சொத்து இன்றும் பயன்படுகிறது. 1979 ஏப்ரல் 24-ஆம் நாள் அது ஒரு கடுமையான புயலில் சிக்கி, அப்போதிருந்த எலெக்ட்ரான்களின் அளவுகளைப் பதிவு செய்தது. புதிதாக வடிவமைக்கும் துணைக்கோளத்தைக் கணினியில் சோதிக்கும்போது, மிக மோசமான நிலைக்கு எடுத்துக்காட்டாக அந்த நாளின் அளவுகளை ஐரோப்பியத் தர விதிகள் இன்றும் தருகின்றன.

நிரல் என்ன செய்கிறது?

எந்த மென்பொருளாக இருந்தாலும் வேலை ஐந்து படிகளில் நடக்கும்.

முதல் படியில், துணைக்கோளத்தின் வடிவத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். பழைய நாஸ்கேப்பில் குழந்தைகள் அடுக்கும் கட்டைகளைப்போல் கனசதுரங்களைக் கொண்டு கலத்தைக் கட்டினார்கள். இன்று ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களால் வளைவுகளையும் வரைய முடிகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அது என்ன பொருள், எவ்வளவு தடிமன், மின்சாரத்தைக் கடத்துமா, ஒளி பட்டால் எத்தனை எலெக்ட்ரான்களை விடும் என்பனவற்றைப் பதிய வேண்டும்.

இரண்டாம் படியில், சுற்றுப்புறத்தைச் சொல்ல வேண்டும். நாசாவின் வழிகாட்டி புவிநிலைப் பாதையின் மோசமான நிலைக்குக் கன சென்டிமீட்டருக்கு ஓர் எலெக்ட்ரானைச் சற்றே தாண்டிய அடர்த்தியையும் 12,000 எலெக்ட்ரான் வோல்ட் அளவையும் கூறுகிறது. எண்ணிக்கை எவ்வளவு அற்பம் பாருங்கள். ஆற்றல்தான் பெரிது.

மூன்றாம் படியில், இப்போதைய மின்னழுத்தங்களை வைத்துக் கலத்தைச் சுற்றியுள்ள மின்புலத்தைக் கணக்கிடுகிறது. நான்காம் படியில், அந்த மின்புலத்தில் எலெக்ட்ரான்களும் அயனிகளும் எப்படி ஓடும், எந்தத் துண்டில் எவ்வளவு விழும் என்று பார்க்கிறது. ஐந்தாம் படியில், ஒவ்வொரு துண்டின் வரவு செலவையும் கூட்டிப் புதிய மின்னழுத்தத்தை எழுதுகிறது. பிறகு மீண்டும் மூன்றாம் படி.

ஏன் திரும்பத் திரும்ப? மின்னழுத்தம் தெரிந்தால்தான் மின்னோட்டம் தெரியும். மின்னோட்டம் தெரிந்தால்தான் மின்னழுத்தம் தெரியும். விதையா மரமா என்ற கேள்வி இது. சிறு சிறு கால அடிகளாக நகர்ந்துதான் விடைக்குப் போக முடியும். நாம் பென்சிலால் கண்ட இரண்டு வேகங்களும் இங்கே தொல்லை தரும். முழுக் கலமும் நொடிக்குள் ஏறுகிறது என்பதற்காக அடியை மிகச் சிறிதாக வைத்தால், படலம் ஏறும் பத்து நிமிடத்தைக் கடக்கக் கணினிக்கு நாள்கணக்கில் ஆகலாம். இதைச் சமாளிக்கும் கணித உத்திதான் ஒரு நல்ல நிரலின் உயிர்நாடி.

இடத்துக்கு ஏற்ற கருவி

எல்லா உயரத்துக்கும் ஒரே முறை பொருந்தாது. புவிநிலைப் பாதையில் பிளாஸ்மா மிக மெல்லியது. கலத்தின் மின்புலம் பல மீட்டர் தூரம் எந்தத் தடையுமின்றி நீளும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் பிளாஸ்மா அடர்த்தியானது. சென்டிமீட்டர் அளவிலேயே மின்புலத்தை மறைத்துவிடும். அதோடு, அங்கே கலம் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அயனிகளை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஓடும் படகின் பின்னால் நீர் பள்ளமாவதுபோல் கலத்தின் பின்னால் அயனிகள் இல்லாத வெற்றிடம் தோன்றும். துருவப் பகுதியில் அந்த வெற்றிடத்துக்குள் எலெக்ட்ரான்கள் புகுந்தால் ஈடுகட்ட அயனிகள் இல்லை. மிடோரி-2 சுற்றியது இத்தகைய பாதையில்தான்.

இதனால் அமெரிக்கர்கள் உயர்பாதை, தாழ்பாதை, துருவப்பாதை என்று தனித்தனி நிரல்களை எழுதி, பின்னர் நாஸ்கேப்-2கே என்ற ஒரே மென்பொருளில் இணைத்தார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஆதரவில் ஸ்பிஸ் என்ற மென்பொருள் உருவாயிற்று. மூல நிரலோடு திறந்து வைக்கப்பட்டது அது. ஜப்பான் மிடோரி-2-ஐ இழந்த மறு ஆண்டு, 2004-இல், கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் மஸ்கட் என்ற மென்பொருளை உருவாக்கும் பணி தொடங்கியது. மூன்று பாதைகளுக்கும் பயன்படும்படி அது திட்டமிடப்பட்டது.

நிரலுக்குத் தெரியாதது

இப்போது அந்தப் போர்வைக்கு வருவோம். மிகச் சிறந்த நிரலிடம் ஒரு துணைக்கோளத்தைக் கொடுத்து, கம்பிக் கட்டின் மேலுள்ள போர்வை கலத்தின் உடலோடு இணைந்திருக்கிறது என்று பதிந்தால், அது சரியாகவே கணக்குப் போட்டு, ஆபத்தில்லை என்று சொல்லும். இணைக்கப்படவில்லை என்று பதிந்தால்தான் எச்சரிக்கும். எது உண்மை என்பது நிரலுக்குத் தெரியாது. வரைபடத்தைக் கையில் எடுத்து ஒவ்வொரு படலத்தையும் விரல் வைத்துக் கேட்கும் பொறியாளருக்குத்தான் தெரியும்.

சரியான நிரலைத் தேர்ந்தெடுப்பதும் அவர் பொறுப்பே. 1994 ஜனவரி 20-இல் கனடாவின் அனிக் இ-1, இ-2 என்ற இரு தொலைக்காட்சித் துணைக்கோளங்கள் சில மணி நேர இடைவெளியில் கட்டுப்பாட்டை இழந்தன. அங்கே மேற்பரப்பு குற்றவாளி அல்ல. மிக அதிக ஆற்றலுள்ள எலெக்ட்ரான்கள் உலோகச் சுவரைத் துளைத்து உள்ளே போய், மின்சுற்றுகளுக்குள் தேங்கின. மேற்பரப்பை மட்டும் பார்க்கும் நிரல் எத்தனை முறை ஓடினாலும் இதைக் காட்டாது. உள்மின்னூட்டத்துக்கென்றே தனிக் கருவிகள் உண்டு; ஐரோப்பியர்களின் டிக்டாட் அவற்றுள் ஒன்று. அனிக் இ-1 விரைவில் மீண்டது. இ-2-ஐ மீட்கப் பல மாதங்கள் ஆயின.

நிரல் ஆபத்தைக் காட்டிய பிறகு செய்ய வேண்டியவை பெரும்பாலும் எளிமையானவை. போர்வையின் ஒவ்வொரு படலத்தையும் கலத்தின் உடலோடு இணைப்பது. பிளாஸ்டிக்குக்குப் பதிலாகக் கரி கலந்து மின்சாரத்தைக் கடத்தும் படலத்தைப் போர்த்துவது. கண்ணாடியின் மேல் ஒளி புகும் மின்கடத்திப் பூச்சு பூசுவது. மண் இல்லாவிட்டாலும் எல்லாப் பாகங்களையும் ஒரே மின்னழுத்தத்தில் வைத்துக்கொள்ள இவை போதும்.

மஸ்கட் பிறந்த அதே கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில்தான் மலேசியாவின் யுஐடிஎம்சாட்-1 என்ற சிறு துணைக்கோளமும் உருவானது. பூட்டான், பிலிப்பீன்ஸ் மாணவர்களோடு சேர்ந்து மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய அந்த 10 சென்டிமீட்டர் கனசதுரம் 2018 ஆகஸ்டில் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. இதைப் படிக்கும் மாணவர்களில் ஒருவர் நாளை அப்படி ஒரு குழுவில் உட்காரக்கூடும்.

அப்படி உட்கார்ந்தால் இதை மறக்காதீர்கள். புதிய மென்பொருளைத் திறந்ததும் துணைக்கோளத்தை வரையாதீர்கள். முதலில் 1 மீட்டர் ஆரமுள்ள ஒரு கோளத்தை வரையுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 1 மைக்ரோ ஆம்பியர் கொடுங்கள். தொடக்கத்தில் மின்னழுத்தம் நொடிக்கு 1,13,000 வோல்ட்டை ஒட்டி ஏறுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் பதிந்ததில் ஏதோ பிழை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகு துணைக்கோளத்துக்குப் போகலாம்.